புகைக்குழாய்க்குள் ஒரு கடம்

பெட்ரோல் காரின் இயந்திரத்துக்குள் எரிபொருள் எரிந்து முடிந்து வெளியேற்று வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும், உயர் அழுத்தத்தில் அடைபட்டிருந்த சூடான வாயு ஒரு சிறு வெடிப்பைப் போலக் குழாய்க்குள் பாய்கிறது. காரின் பின்புறத்தில் கேட்கும் உறுமல் என்பது இந்த வெடிப்புகள் இடைவிடாமல் அடுத்தடுத்து வருவதால் பிறக்கும் தொடர் ஒலியே ஆகும். ஃபோர் ஸ்ட்ரோக் என்று வழங்கும் நான்கு வீச்சு இயந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் இருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள் நிகழும். நிமிடத்துக்கு 2,400 சுற்றுகள் சுழலும்போது வினாடிக்கு 80 வெடிப்புகள், அதாவது 80 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி குழாய்க்குள் பயணம் செய்கிறது. அதே வேகத்தில் சுழலும் மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் இது 60 ஹெர்ட்ஸாகக் குறைகிறது. சிறிய கார்களின் ஓசை சற்றே தட்டையாகவும் கரகரப்பாகவும் கேட்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இந்த வாயு செல்லும் பாதையில் முதலில் வருவது, சிலிண்டர்களின் வாய்களை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு. அடுத்து, நச்சு வாயுக்களை வேதிவினையால் மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பின்னர், காரின் நடுவயிற்றுக்குக் கீழே நீண்ட உருளை போலத் தொங்கும் ரெசனேட்டர். கடைசியாக, பின்பக்க பம்பரை ஒட்டியிருக்கும் மஃப்ளர். பெங்களூருவின் பட்டறைகளில் கன்னடமும் தமிழும் தக்கினி உருதும் கலந்து ஒலித்தாலும், இவை அனைத்துக்கும் சேர்த்துச் சைலன்சர் என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. இந்தப் பெயர்க் குழப்பத்தை அற்பமாகக் கருத முடியாது. ‘சைலன்சரில் சத்தம்’ என்று சொல்லி வண்டியை விட்டுச் செல்லும் உரிமையாளருக்கு, பழுதே இல்லாத மஃப்ளர் மாற்றப்பட்டு, கிலுகிலுக்கும் ரெசனேட்டர் அப்படியே திரும்பி வருவது நேரக்கூடியதே.

மஃப்ளரின் வேலை, வரும் ஒலி முழுவதையும் பொதுவாக அடக்குவது. ரெசனேட்டரின் வேலை அதைவிட நுட்பமானது; குறிப்பிட்ட சில அதிர்வெண்களை மட்டும் தேர்ந்து அது தணிக்கிறது. இதன் அடிப்படையை, இசையொலிகளை ஆராய்ந்து 1863இல் நூல் வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். குறுகிய கழுத்தும் உருண்ட வயிறும் கொண்ட ஒரு கலத்தில், கழுத்திலுள்ள காற்று எடைக்கல்லைப் போலவும், வயிற்றுக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போலவும் செயல்படுவதால், அக்கலம் தனக்குரிய ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் இசைந்து ஆடுகிறது, இதுவே ஒத்ததிர்வு. தமிழ் வாசகருக்கு இதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. மானாமதுரையில் வனையப்படும் கடத்தின் வாயை வித்வான் தம் வயிற்றோடு அழுத்தியும் சற்றே விலக்கியும் வாசிக்கையில் ‘கும்’ என்ற நாதம் ஏறி இறங்குவது, கலத்தின் வாய் சுருங்கி விரிவதால் அதன் ஒத்ததிர்வு மாறுவதன் விளைவே. கடத்தில் அந்த அதிர்வு கேட்போரின் காதுக்கு அனுப்பப்படுகிறது; காரில் அதே அதிர்வு, குழாய்க்குள் வரும் ஒலியலைக்கு எதிராகத் திருப்பிவிடப்பட்டு அதை அழிக்கிறது. கருவி ஒன்றே, பயன் மட்டுமே தலைகீழானது.

குழாயின் பக்கவாட்டில் மறுமுனை அடைக்கப்பட்ட ஒரு கிளைக்குழாயை இணைப்பது இதே நோக்கத்துக்கான இன்னொரு வழியாகும். கிளைக்குள் புகும் அலை அடைப்பில் மோதித் திரும்புவதற்குள் அரை அலைநீளத் தூரம் பயணம் செய்யுமாறு நீளத்தை அமைத்துவிட்டால், அது முதன்மைக் குழாயை அடையும்போது அங்குள்ள அலையின் மேடு இருக்குமிடத்தில் இதன் பள்ளம் வந்து சேர, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கிளையின் நீளம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 475 மீட்டர் வேகத்தில் செல்லும் என்பதால், 80 ஹெர்ட்ஸ் ஒலியை அழிக்க ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளக் கிளை தேவைப்படும். கிளைக்குள் வாயு ஓட்டம் இல்லாமையால் அங்கு வெப்பம் குறைந்து, உண்மையில் வேண்டிய நீளமும் சற்றுக் குறையும். ஆயினும் ஒரு சிறிய காரின் அடிவயிற்றில் அவ்வளவு நீளக் குழாய்க்கு இடம் கிடைப்பது அரிது.

ஆகவே நடைமுறையில் பெரிதும் காணப்படுவது, உருளைக்குள் துளையிட்ட உள்குழாய் ஒன்று ஓட, அதைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகு இழையோ திணிக்கப்பட்ட வகையாகும். ஒலியலை துளைகள் வழியாக இழைகளுக்குள் நுழைந்து, உராய்வால் வெப்பமாக மாறித் தேய்கிறது. கண்டிப்பான பொருளில் இது ஒத்ததிர்வுக் கலம் அன்று. இருந்தும் சந்தையில் அதற்கும் ரெசனேட்டர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வண்டி விற்பனையான பிறகு, தயாரிப்பாளர் பொருத்திய பாகத்தை நீக்கிவிட்டு வேறு நிறுவனமோ பட்டறையோ செய்த பாகத்தைப் பொருத்துவதை ஆஃப்டர்மார்க்கெட் என்பர். பெங்களூருவில் இத்தகைய பாகங்களுக்குப் பெயர்போன தெரு, மைசூரு மன்னர் ஜெயச்சாமராஜேந்திர உடையாரின் பெயர் தாங்கிய ஜே.சி. ரோடு, கழற்றப்பட்ட பழைய பாகங்களுக்குச் சிவாஜி நகரின் குஜிரிக் கடைகள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடாமல் அதற்குப் பின்னுள்ள குழாய், ரெசனேட்டர், மஃப்ளர் ஆகியவற்றை மட்டும் மாற்றும் தொகுதியைக் கேட்-பேக் என்று கடைக்காரர்கள் அழைக்கின்றனர். இவற்றின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. உள்ளே தாங்குகோல் நுழைத்து வளைக்கப்பட்ட குழாயின் வளைவுகளில் உள்விட்டம் மாறாது. அழுத்தி மட்டும் வளைக்கப்பட்ட குழாயோ வளைவுதோறும் நசுங்கிக் குறுகுகிறது. உலோகத்திலும் வேறுபாடு உண்டு. 304 என்ற துருப்பிடிக்காத எஃகு விலை கூடியது, அரிப்பை நன்கு தாங்குவது. 409 வகையில் குரோமியம் குறைவு, ஆதலால் மேற்பரப்பில் பழுப்புத் துரு படரும். 304 எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 409இலும் சாதாரண இரும்பிலும் ஒட்டும் என்பதால், ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்வது விற்பவரின் சொல்லைச் சோதிக்க எளிய வழியாகும்.

ரெசனேட்டர் ஏன் கிலுகிலுக்கத் தொடங்குகிறது என்பதற்குப் பலரும் எதிர்பாராத ஒரு காரணம் தண்ணீர். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கிடைக்கும் நீராவியைக் குளிர்வித்துப் பிடித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். புகைவாயு ஏறக்குறைய 50 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை இந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். குழாயின் சுவர் அதைவிடக் குளிர்ந்திருந்தால் அங்கேயே துளிகளாகப் படிந்து, வாயுவிலுள்ள அமிலக் கூறுகளையும் கரைத்துக்கொண்டு, உருளையின் அடிப்பகுதியில் தேங்கும். குளிர்காலக் காலைகளில் கார்களின் வால்குழாயிலிருந்து நீர் சொட்டுவதும் இதனால்தான். மேனிஃபோல்டின் அருகே வெப்பம் விரைவில் ஏறிவிடுவதால் அங்கு நீர் நிற்பதில்லை. பின்பகுதி சூடேறுவதற்கோ நல்ல ஓட்டம் வேண்டும்.

அந்த ஓட்டம்தான் பெங்களூருவில் வாய்ப்பதில்லை. டாம்டாம் நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட போக்குவரத்துக் கணக்கின்படி, இந்நகரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது; உலகில் லண்டன் மட்டுமே அவ்வாண்டு இதைவிட மெதுவான நகரமாக இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், காலை வேளைகளில் குளிர்ச்சி தங்கும் ஊரில், வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து கடைக்கும் ஊர்ந்து செல்லும் கார் தன் பின்குழாய் முழுவதும் உலரும் முன்னரே அணைக்கப்பட்டுவிடுகிறது. தேங்கிய நீர் உருளையை உள்ளிருந்து அரிக்கிறது; வெளியே பளபளப்பு மாறாமல் இருக்க, உள்குழாயைத் தாங்கும் பற்றவைப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகின்றன. வாரத்தில் ஒருமுறை நகரைவிட்டு வெளியே அரைமணி நேரமாவது நிற்காமல் ஓட்டப்படும் கார்களின் குழாய் கூடுதல் காலம் உழைப்பதற்கு இதுவே காரணம். வார இறுதியில் நந்தி மலைக்குப் போய்வருவது மனத்துக்கு மட்டும் நன்மை செய்வதில்லை.

வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள 304 எஃகுக் குழாய் 400 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீள்கிறது. 409 எஃகு அவ்வளவு நீள்வதில்லை, சுமார் நாலரை மில்லிமீட்டரோடு நின்றுவிடும். உள்குழாய் ஒரு வகை உலோகமாகவும் வெளியுருளை வேறு வகையாகவும் இருந்தால், அல்லது உள்ளே வெப்பமும் வெளியே மழைநீரின் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் தாக்கினால், இரண்டும் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்கி இணைப்புகளைப் பிய்க்கும். உள்குழாயின் ஒரு முனையை மட்டும் பற்றவைத்து மறுமுனையை நகர விடுவது நல்ல வடிவமைப்பு. இரு முனைகளையும் இறுகப் பூட்டிவிடுவது மலிவான வடிவமைப்பு. இழைகள் பொடிந்து வாயுவோடு பறந்துவிட்டால், உள்குழாயை அணைத்துப் பிடிக்க எதுவும் எஞ்சுவதில்லை. இவற்றோடு பெங்களூருவாசிகள் ஹம்ப் என்றழைக்கும் வேகத்தடைகளும் அடுக்குமாடிக் கட்டடங்களின் செங்குத்தான நிலத்தடிச் சரிவுகளும் சேர்ந்துகொள்கின்றன. தயாரிப்பாளரின் குழாயைவிட ஓர் அங்குலம் தாழ்வாகத் தொங்கும் பெரிய உருளை, கார் நிறைய ஆள் ஏறியிருக்கும் நாளில் எங்கோ ஒரு மேட்டில் இடித்தே தீரும்.

கிலுகிலுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவதே பழுதுபார்ப்பில் பாதி வேலை. வெப்பத்தைத் தடுக்கக் குழாய்க்கு மேலே பொருத்தப்பட்ட மெல்லிய தகட்டின் திருகு துருவேறி விட்டுப்போனாலும், குழாயைத் தாங்கும் ஹேங்கர் ரப்பர் இறுகி வெடித்தாலும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உடைந்தாலும் ஏறக்குறைய இதே ஓசைதான் கேட்கும். உடைந்து தொங்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் இருப்பதால், ஓசை எல்லா வேகத்திலும் வராமல் குறிப்பிட்ட சுற்றில் மட்டும் எழுந்து அடங்குவது வழக்கம். சிக்னலில் 800 சுற்றில் நிற்கும்போது, அதாவது நான்கு சிலிண்டர் காரில் வினாடிக்கு ஏறத்தாழ 27 துடிப்புகள் வரும்போது, கடகடவென்று ஆடிய துண்டு வண்டி நகர்ந்ததும் மௌனமாகிவிடும். எந்தச் சுற்றில் ஓசை வருகிறது, சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்பதை உரிமையாளர் குறித்துவைத்துச் சொன்னால் மெக்கானிக்கின் வேலை எளிதாகும்.

குழாய் முழுவதும் ஆறிய பிறகு, வண்டியை லிஃப்டில் ஏற்றி, ரப்பர்ச் சுத்தியலாலோ கைமுட்டியாலோ ஒவ்வொரு பகுதியையும் தட்டிப்பார்ப்பதே பழைய, இன்றும் பொய்க்காத முறை. சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்த்து விரிசலை அறிவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. முழுமையான ரெசனேட்டர் மங்கலான ஒற்றை ஒலி தரும். உள்குழாய் விட்டுப்போனது இரட்டையாக ஒலிக்கும். இழை பறந்துபோனது வெற்று டின் போலக் கணகணக்கும். தட்டும்போது ஓசை ரெசனேட்டரிலிருந்து வராவிட்டால் அதைத் தொடவே கூடாது. சில நேரங்களில் ஒரு கிளாம்பு மட்டுமே போதுமானதாக இருக்கும். அதை நேர்மையாகச் சொல்லும் பட்டறை கிடைத்தவர் அதை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது.

பழுது ரெசனேட்டரில்தான் என்று உறுதியான பின் அதைத் திறந்து சரிசெய்ய முயல்வது பெரும்பாலும் வீண், மாற்றுவதே வழி. புதியதைத் தேர்வு செய்கையில் மூன்று அளவுகள் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்: உள்விட்டம், உருளையின் நீளம், உள்வாயும் வெளிவாயும் நேர்க்கோட்டில் உள்ளனவா விலகியுள்ளனவா என்ற அமைப்பு. விட்டம் பெரிதானால் ஆற்றல் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. சாதாரண ஓட்டத்தில் அது வாயுவின் வேகத்தைக் குறைத்து, குறைந்த சுற்றில் இழுவையை மந்தமாக்குவதற்கே வாய்ப்பு மிகுதி. துளைகளுக்குப் பதிலாகச் சன்னல் பலகைகள் போன்ற மடிப்புகள் கொண்ட உள்குழாயில் வாயு எத்திசையில் செல்ல வேண்டும் என்று அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாகப் பொருத்தினால் சீறல் ஓசை புதிதாகப் பிறக்கும். இத்தனைக்கும் பிறகு, புதிய உருளையின் அடியில் நீர் வடிவதற்கான நுண்துளை உள்ளதா என்று பார்ப்பது பெங்களூருவுக்கு உகந்த எச்சரிக்கை.

மாற்றும் வேலையில், பற்றவைப்பதற்கு முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் பற்றவைப்பின் மின்னோட்டம் இயந்திரத்தை ஆளும் கணினியைத் தாக்கக்கூடும். அருகிலுள்ள ஆக்ஸிஜன் உணரியையும் அதன் கம்பியையும் விலக்கி, பெட்ரோல் தொட்டிக்கும் பிரேக் குழாய்களுக்கும் தீப்பொறி செல்லாமல் மறைத்த பின்னரே அறுக்கத் தொடங்குவது முறை. புதிய உருளையை முதலில் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் ஒட்டி, வண்டியைக் கீழே இறக்கி, குழாய் எதிலும் உரசாமல் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே முழுதும் பற்றவைக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்ப்பதால் பிறக்கும் புதிய கிலுகிலுப்புகள் ஏராளம். ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் செய்யப்படும் டிக் வெல்டிங், துருப்பிடிக்காத எஃகுக்கு ஏற்றது. அந்த எஃகைச் சாதாரண இரும்போடு இணைக்க நேர்ந்தால் 309 வகைக் கம்பி வேண்டும். கட்டடங்களுக்கான ஜி.ஐ. குழாயை இடையில் ஒட்டுப்போடுவது தவறு. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து எழும் புகை பற்றவைப்பவருக்கே காய்ச்சல் தரும். பற்றவைப்பு வேண்டாம் என்போர் ஃபிளேஞ்சோ அகலமான பட்டைக் கிளாம்போ பயன்படுத்தலாம். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பின் அவற்றை மீண்டும் ஒருமுறை முறுக்க வேண்டும். இறுகிய ஹேங்கர் ரப்பர்களையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

கசிவுச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது கையுறை அணிந்தவர் வால்குழாயைத் தடித்த துணியால் சில வினாடிகள் அடைத்தால், கசிவுள்ள இடத்தில் ‘உஸ்’ என்ற ஓசை வரும். சோப்புநீர் தடவினால் குமிழ் எழும். காரின் நடுவயிற்றில் கசியும் வாயுவில் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும் என்பதையும், சில்க் போர்டு சந்திப்பு போன்ற இடங்களில் வண்டி நெடுநேரம் நின்றபடி ஓடும்போது அது உள்ளே புக வாய்ப்பு உண்டு என்பதையும் எண்ணினால் இச்சோதனையின் அருமை விளங்கும்.

ரெசனேட்டரே வேண்டாம், அந்த இடத்தில் நேர்க்குழாய் ஒன்றை ஒட்டிவிடலாம் என்ற யோசனை மலிவானது என்பதாலேயே பலருக்குப் பிடித்துவிடுகிறது. இது தவறான யோசனை. கிலுகிலுப்பு உடனே நின்றுவிடும். அடுத்த நாள் ஓசூர் சாலையின் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் சீரான வேகத்தில் செல்லும்போது, காரின் உட்கூடு முழுவதையும் நிறைத்துக் காதுகளை அழுத்தும் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று தொடங்கும். மெக்கானிக்குகள் டிரோன் என்று சொல்லும் இந்த ஒலி, ரெசனேட்டர் இதுவரை தின்றுகொண்டிருந்த அதே 70, 80 ஹெர்ட்ஸ் ஒலிதான். கதவுகளுக்குள் ஒலித்தடுப்புப் பாய்களை ஒட்டினாலும் அது குறைவதில்லை; நீண்ட அலைகளை மெல்லிய பாய்கள் தடுக்க இயலாது.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. வெளியேறும் வாயுவின் ஓசையை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி கூறுகிறது. ஒலிக் கட்டுப்பாட்டை மீறி வண்டி ஓட்டுவோருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிப்பதோடு, ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பையும் சேர்க்கிறது. அனுமதியில்லாத மாற்றங்களைச் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. புகைச் சான்றிதழ் கையில் இருப்பது இதற்கு விடையாகாது. அந்தச் சோதனை வாயுவை அளக்கிறதே தவிர ஒலியை அளப்பதில்லை. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணிக்கு மேல் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வரையறுத்திருப்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கான காரில், தயாரிப்பாளர் பொருத்திய குழாய்க்கே திரும்பிவிடுவது பெரும்பாலானோருக்கு மலிவாகவும் அமைதியாகவும் முடியும்.

ஆஃப்டர்மார்க்கெட் குழாயையே வைத்துக்கொள்ள விரும்புவோர், கழற்றிய பழைய ரெசனேட்டரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராமல், அதை நீளவாக்கில் அறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அடிப்பகுதியில் துரு தின்றிருந்தால் காரணம் தண்ணீர். முனையில் பற்றவைப்பு பிய்ந்திருந்தால் காரணம் வெப்பமும் மோசமான வடிவமைப்பும். வெளிச்சுவர் உள்நோக்கி நசுங்கியிருந்தால் காரணம் ஏதோ ஒரு ஹம்ப். இவற்றில் எது என்று தெரியாமல் பொருத்தப்படும் புதிய ரெசனேட்டர், பழையது உடைந்த அதே இடத்தில்தான் உடையும்.